லூக்காவில் எழுபத்தைந்து நாள்: சுற்றிப் பார்க்கவில்லை, குடியிருந்தோம்

திருவெறும்பூர்க்காரன்

போன மாதம் வேறொரு இழையில் ஒருவர், "சின்னப் பிள்ளைகளோடு ஐரோப்பா, பன்னிரண்டு நாளில் ஆறு நகரம், முடியுமா?" என்று கேட்டிருந்தார். "முடியும், ஆனால் வேண்டாம்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டேன். விவரமாகச் சொல்லு என்று நாலைந்து பேர் கேட்டதால் இந்த இழை.

நாங்கள் நாலு பேர். நான், மனைவி, மூன்றாம் வகுப்பு முடித்த மகள், ஐந்து வயது மகன். ஆபீசில் சம்பளமில்லாத விடுப்பு மூன்று மாதம் கிடைத்தது. ஏப்ரல் 10 முதல் ஜூன் 23 வரை இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் லூக்கா என்ற ஊரில் வீடெடுத்து இருந்தோம். பீசாவிலிருந்து ரயிலில் அரை மணி. சாய்ந்த கோபுரத்தை அதன் பக்கத்து ஊரில் இருந்துகொண்டு முப்பத்தெட்டாம் நாள்தான் போய்ப் பார்த்தோம் என்றால், எங்கள் வேகம் உங்களுக்குப் புரியும்.

ஏன் லூக்கா? ஊர் முழுக்கச் சமதரை. சுற்றிலும் ஒரு மதில். 16ஆம் நூற்றாண்டில் தொடங்கி 17ஆம் நூற்றாண்டு வரை பீரங்கிக்கு ஈடுகொடுக்கும்படி கட்டிய மதில், சுற்றளவு நாலு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மேற்பரப்பு ஒரு சாலை அளவுக்கு அகலம், இரு பக்கமும் மரங்கள், கார் கிடையாது. பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை. இந்த மதில் ஒரு பெரிய முற்றுகையைக்கூடப் பார்க்காதது, ஆனால் 1812இல் செர்க்கியோ ஆறு பெருகி வந்தபோது வாயிற்கதவுகளை அடைத்து ஊரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். காவிரிக்கரைக்காரனுக்கு இந்தக் கதை உடனே ஒட்டிக்கொண்டது.

வீடு மதிலுக்கு உள்ளே, மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை, 62 படி. போய் இறங்கிய ஏழாம் நாள் காலை வீடு ஐஸ் பெட்டி போல இருந்தது. ஹீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து வீட்டு உரிமையாளருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் சிரிப்புப் படம் ஒன்றைப் போட்டு, "ஏப்ரல் 15 முடிந்துவிட்டதே" என்றார். இத்தாலியைத் தட்பவெப்பப்படி மண்டலங்களாகப் பிரித்து, எந்த மண்டலத்தில் எந்தத் தேதி வரை வீட்டைச் சூடாக்கலாம் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். லூக்கா இருக்கும் மண்டலத்துக்கு நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை. குளிர் அடிக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அடுத்த கேள்வி. அன்றைக்கே போய் நாலு போர்வை வாங்கினோம். அதுதான் அந்த ஊரில் நாங்கள் வாங்கிய முதல் "நினைவுப் பொருள்".

அப்புறம் காய்கறிக்கடை. நம் வழக்கப்படி தக்காளியை அழுத்திப் பார்க்கக் கையை நீட்டினேன். கடைக்கார அம்மாள் போட்ட சத்தத்தில் மகன் என் காலைக் கட்டிக்கொண்டான். சின்னக் கடைகளில் காயைத் தொடக்கூடாது. வேண்டியதைச் சொன்னால் அவர்களே எடுத்துத் தருவார்கள். சூப்பர் மார்க்கெட்டில் நாமே எடுக்கலாம், ஆனால் பிளாஸ்டிக் கையுறை மாட்டி, எடை போட்டு, சீட்டு ஒட்டி. முதல் மூன்று வாரம் அந்த அம்மாள் எங்களுக்குச் சில்லறையை மேசையில் வைப்பாரே தவிரக் கையில் தரமாட்டார். நாலாவது வாரம் ஒருநாள் பையைக் கட்டும்போது ஒரு கேரட், ஒரு செலரித் தண்டு, கொஞ்சம் பார்ஸ்லி, துளசி ஜாடையில் இருக்கும் பேசில் நாலு இலை, எல்லாவற்றையும் ஒரு கொத்தாகச் சுருட்டி உள்ளே திணித்தார். காசு வாங்கவில்லை. "ஓதோரி" என்றார். வாசனைகள் என்று அர்த்தம். டஸ்கனியில் வாடிக்கைக்காரர்களுக்கு இப்படிக் கொடுப்பது பழைய வழக்கமாம். கறிவேப்பிலை, கொத்தமல்லி கொசுறுதான், வேறென்ன! பீசா கோபுரம் பார்த்த அன்றைக்கு இல்லாத சந்தோஷம் அன்றைக்கு இருந்தது. பன்னிரண்டு நாளில் ஆறு நகரம் போகிறவருக்கு அந்தக் கொசுறு கிடைக்காது. அதனால்தான் "வேண்டாம்" என்றேன்.

கணக்குப்பிள்ளை

சார், கொசுறு எல்லாம் சரி. அசல் எவ்வளவு? ரகசியம் இல்லையென்றால் சொல்லுங்கள். விசா எப்படி வாங்கினீர்கள் என்பதும்.

திருவெறும்பூர்க்காரன்

ரகசியம் ஒன்றும் இல்லை. வாடகை மாதம் 1,250 யூரோ, தண்ணீரும் இணையமும் சேர்த்து. மின்சாரம், கேஸ் தனி. மளிகை, காய், பால் எல்லாம் மாதம் 700க்குள். வெளியில் சாப்பிட்டது வாரம் ஒரு தடவை. ஒரு யூரோ தொண்ணூறு ரூபாய்க் கணக்கில் பார்த்தோம். நாலு பேருக்கும் விமானம் தனி. அது சேமிப்பில் பெரிய ஓட்டை. ஹோட்டலில் பன்னிரண்டு நாள், ஆறு நகரம், நடுவில் அதிவேக ரயில் என்று என் தம்பி குடும்பம் செலவழித்ததைவிட எங்கள் மொத்தச் செலவு அதிகம்தான். நாள் கணக்கில் வகுத்தால் பாதிகூட வராது. ஆனால் நாள் கணக்கில் வகுப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் வழி என்றும் எனக்குத் தெரியும். மொத்தமாகக் கையிலிருந்து போனது போனதுதானே. அதோடு மூன்று மாதச் சம்பளமும் இல்லை.

விசா சாதாரண ஷெங்கன் சுற்றுலா விசா, அதாவது ஐரோப்பாவில் பல நாடுகளுக்குச் சேர்த்து ஒரே விசா. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான் இருக்கலாம், அதனால் எழுபத்தைந்தோடு நிறுத்திக்கொண்டோம். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்கு 45, அதற்குக் கீழே இலவசம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். வாடகை ஒப்பந்தம், விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு எல்லாம் கொடுத்தோம். "இத்தனை நாள் ஒரே ஊரில் என்ன செய்வீர்கள்?" என்று கவுண்டரில் இருந்த பெண் உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

லேப்டாப்தாசன்

விடுப்பு எதற்கு அண்ணா? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அங்கிருந்தே வேலை பார்த்திருக்கலாமே. என் நண்பர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

போலோன்யா மாணவி

லேப்டாப்தாசன், சுற்றுலா விசாவில் அதைச் செய்யச் சொல்லி யாருக்கும் யோசனை சொல்லாதீர்கள். அதற்கென்று தனி விசா 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உயர்தகுதி வேலையாக இருக்க வேண்டும், வருமானச் சான்று, காப்பீடு, தங்குமிடச் சான்று எல்லாம் கேட்பார்கள். "நண்பர்கள் செய்கிறார்கள்" என்பது பிடிபடாதவரை மட்டும் செல்லும் சட்டம்.

நான் இத்தாலியிலேயே போலோன்யா நகரில் படிக்கிறேன், இது மூன்றாவது வருடம். குடும்பமாக வருபவர்கள் தடுக்கி விழும் சில இடங்களைச் சொல்கிறேன். முப்பது நாளுக்கு மேல் வீடு எடுத்தால் அந்த ஒப்பந்தத்தை வரி அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிவு வேண்டாம், ரொக்கமாகக் கொடுங்கள், குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நடையைக் கட்டுங்கள். வந்தவர்களின் விவரத்தை வீட்டுக்காரர் 48 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். பாஸ்போர்ட்டைக் கேட்டால் பயப்பட வேண்டாம், கேட்கவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

ரயிலில் உள்ளூர் வண்டிக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் பரிசோதகருக்கு ஒன்றுதான். வாடகைக் காரை எடுத்துக்கொண்டு பழைய ஊருக்குள் நுழைந்துவிடாதீர்கள். கேமரா பிடித்துக்கொள்ளும், அபராதம் நீங்கள் ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து வரும்.

முக்கியமானது: கரண்ட். பெரும்பாலான வீட்டு இணைப்புகள் 3 கிலோவாட்தான். வாஷிங் மெஷினும் ஓவனும் ஒன்றாகப் போட்டால் போச்சு.

திருவெறும்பூர்க்காரன்

அதைப் பற்றி என்னிடம் கேளுங்கள் தங்கச்சி. எங்கள் மீட்டர் கீழே நுழைவாயிலில் இருந்தது. வாஷிங் மெஷின் ஓடும்போது காபிக்குத் தண்ணீர் வைக்கக் கெட்டிலைப் போட்டேன். பட். 62 படி இறங்கி, சுவிட்சைத் தூக்கிவிட்டு, 62 படி ஏறினேன். எதை அணைக்க வேண்டும் என்று புரியாமல் மறுபடியும் கெட்டிலைப் போட்டேன். மறுபடியும் 62. இரண்டு வாரத்தில் வீட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது: எந்த சுவிட்சைத் தொடுவதற்கும் முன் "என்ன ஓடுது?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும். ஊர் திரும்பிய பிறகும் மகன் ஃபேன் போடும்போது கேட்டுக்கொண்டிருந்தான்.

சைவப்பட்சி

நாங்கள் முட்டைகூடச் சேர்க்காதவர்கள். இத்தாலி என்றால் பாஸ்தா, பீட்ஸா, சீஸ், கவலையே இல்லை என்கிறார்களே?

திருவெறும்பூர்க்காரன்

கவலை கொஞ்சம் இருக்கிறது. பார்மிஜானோ சீஸ் செய்யப் பாலைத் திரிய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளை வைத்து. அதன் விதிமுறையே அப்படி, மாற்று கிடையாது. கிரானா பதானோ என்ற சீஸும் இதே கதைதான். பேசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோவிலும் இந்தச் சீஸ் இருக்கும். கடையில் வாங்கும் சீஸில் "காலியோ வெஜெத்தாலே" (தாவரத்திலிருந்து எடுத்த திரிபொருள்) அல்லது "மிக்ரோபிகோ" (நுண்ணுயிரிலிருந்து எடுத்தது) என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் பன்றிக்கொழுப்புத் துண்டு போட்டு வதக்கியிருப்பார்கள், கேட்காமல் சாப்பிடாதீர்கள். ஃப்ரெஷ் பாஸ்தாவில் முட்டை உண்டு, பாக்கெட்டில் வரும் காய்ந்த பாஸ்தாவில் அநேகமாக இருக்காது.

இனி நல்ல செய்தி. "செச்சீனா" என்று ஒன்று. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுட்டு, மிளகுத்தூள் தூவி, காகிதத்தில் மடித்துத் தருவார்கள். நம் கடலை மாவு அடைக்கு வெளிநாட்டில் பிறந்த அண்ணன். மகன் எழுபத்தைந்து நாளில் ஐம்பது நாளாவது தின்றிருப்பான்.

இன்னொன்று ஃபார்ரோ. லூக்காவுக்கு வடக்கே கார்ஃபன்யானா மலைப்பகுதியில் விளையும் பழைய கோதுமை. 1996இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு வாங்கியது. சூப் வைப்பார்கள், சாலட் செய்வார்கள், ஊரே பெருமையடித்துக்கொள்ளும். பாக்கெட்டில் போட்டிருந்த அறிவியல் பெயரைத் தேடிப் பார்த்தால், நம் மளிகைக்கடைச் சம்பா கோதுமையும் அதே இனம்தான்! ரவையாக உடைத்து உப்புமா கிண்டுகிறோமே, அதே. கிலோவுக்கு அவர்கள் கொடுக்கும் விலையைப் பார்த்து என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

முணுமுணுப்பு

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் "மெதுவான பயணம்" என்பது மூன்று மாதம் சம்பளமில்லாமல் தாக்குப்பிடிக்கிறவனுக்கு மட்டும். மற்றவர்கள் பன்னிரண்டு நாளில் ஓடினால் அது அவர்கள் ரசனைக் குறைவு இல்லை, லீவு குறைவு. முதல் பதிவில் அந்த "வேண்டாம்" கொஞ்சம் உறுத்துகிறது.

அடுப்பங்கரை

எனக்கு உறுத்துவது வேறு. அண்ணன் கணக்கில் "வெளியில் சாப்பிட்டது வாரம் ஒரு தடவை" என்று ஒரு வரி போகிறபோக்கில் வருகிறதே. வாரத்துக்கு இருபத்தொரு வேளை. ஒன்றைக் கழித்தால் இருபது. அந்த இருபது வேளையும் யார் சமைத்தது? நாலு பேர் துணியை யார் காயப்போட்டது? ஹோட்டலில் போய்ச் சுற்றிவிட்டு வந்தால் வீட்டுப் பெண்ணுக்குப் பன்னிரண்டு நாளாவது விடுமுறை. வீடெடுத்துத் தங்குவது என்றால் அதே அடுப்பை வேறு நாட்டில் பற்றவைப்பதுதானே? தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நிஜமாகக் கேட்கிறேன்.

திருவெறும்பூர்க்காரன்

முணுமுணுப்பு, ஒத்துக்கொள்கிறேன். "வேண்டாம்" என்பதை "பன்னிரண்டு நாள் இருந்தால் இரண்டு ஊரோடு நிறுத்துங்கள்" என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

அடுப்பங்கரை அவர்களுக்கு: பாத்திரம் நான்தான் கழுவினேன். குப்பையும் நான்தான், எந்தக் கிழமை எந்தக் குப்பை என்ற அட்டவணை எனக்கு மனப்பாடம். சமையல்... சரி, மனைவி இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளே எழுதுகிறேன் என்கிறாள்.

62ஆம் படி

வணக்கம். மேலே எழுதியவரின் மனைவி. இந்த இழைக்காகவே கணக்கு ஆரம்பித்தேன்.

அடுப்பங்கரை அக்கா, நீங்கள் கேட்டதை நான் ஏப்ரல் கடைசியிலேயே கேட்டுவிட்டேன். முதல் இரண்டு வாரம் இவர் மதில்மேல் பிள்ளைகளோடு சைக்கிள் ஓட்டுவார், நான் ஜன்னல் வழியே கயிற்றில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன். இவர் எடுத்த போட்டோவில் எல்லாம் அந்தத் துணிகள் "அழகான இத்தாலியத் தெரு" என்று வந்திருக்கிறது. அவை எங்கள் வீட்டு உள்பாவாடைகள்.

ஏப்ரல் 27 அன்று அங்கே சாந்தா ட்சீத்தா என்ற புனிதையின் திருநாள். மகன் "சீதா சாமி" என்றே சொல்வான். ஊரில் பூச்சந்தை போடுவார்கள், சான் ஃப்ரெதியானோ தேவாலயத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அவள் உடலைப் பார்க்கக் கூட்டம் வரும். 13ஆம் நூற்றாண்டுப் பெண். பன்னிரண்டு வயதில் ஒரு பணக்கார வீட்டுக்கு வேலைக்கு வந்து, 1272இல் சாகும்வரை அதே வீட்டில் வேலை பார்த்தவள். எஜமானர் வீட்டு ரொட்டியை முந்தியில் மறைத்து ஏழைகளுக்குக் கொண்டுபோனபோது பிடிபட்டாளாம். முந்தியை விரித்தால் ரொட்டி இல்லை, பூ. இன்றைக்கு வீட்டுவேலை செய்பவர்களுக்கெல்லாம் அவள்தான் காவல். பெட்டிக்கு முன் நின்றபோது மகள் கேட்டாள்: "அம்மா, இவங்களுக்கு லீவே கிடையாதா?" நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் கூரை ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ராத்திரி சண்டை. என்ன பேசினோம் என்பது இங்கே வேண்டாம். மே மாதத்திலிருந்து மதியச் சாப்பாடு இவர் பொறுப்பு. முதல் வாரம் தினமும் பாஸ்தாவில் தக்காளி, அடுத்த வாரம் தக்காளியில் பாஸ்தா. பதினோரு மணிக்கு நான் தனியாக இறங்கிப் போவேன். ஒரு காபி, நின்றுகொண்டே குடித்தால் ஒன்றே கால் யூரோ, மேசையில் உட்கார்ந்தால் விலை கூடும். நின்றே குடிப்பேன். அதன்பிறகு மதில் ஒரு சுற்று, தனியாக, யார் கையையும் பிடிக்காமல். ஜூனில் மதில்மேல் லிண்டன் மரங்கள் பூத்து ஒரு வாசனை வரும், தேனும் எலுமிச்சையும் கலந்த மாதிரி. ஒரு மணிக்குக் கடைகள் சாத்திவிடும், நாலு மணி வரைக்கும் தெருவில் ஆளிருக்காது. அந்த நேரத்தில் படியேறி வந்தால் சாப்பாடு மேசையில் இருக்கும், கருகியதோ கருகாததோ.

அந்தக் காய்கறிக்கடை அம்மாள் கொசுறு கொடுத்தது இவருக்கு என்று இவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு முந்தின வாரம் முழுக்க நான் போய் ஒரு பெயரை மாற்றி ஒரு பெயராகக் கற்றுக்கொண்டு, கத்தரிக்காயை இத்தாலிய மொழியில் தப்பாகச் சொல்லி அவரைச் சிரிக்க வைத்திருந்தேன். அந்தக் கதையில் நான் இல்லை என்பதைப் படித்துத்தான் கணக்கு ஆரம்பித்தேன்.

அடுப்பங்கரை

தங்கச்சி, இழையின் தலைப்பை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள்.

பலெர்மோ அண்ணை

நான் இதை எழுதலாமா விடலாமா எண்டு இரண்டு நாளா யோசிச்சனான். நான் யாழ்ப்பாணம், இப்ப சிசிலியில் பலெர்மோ. இங்கே எங்கட சனம் கனபேர் இருக்கினம், எண்பது தொண்ணூறுகளில் சண்டைக்காலத்தில் வந்த ஆக்கள். பெரும்பாலும் வீட்டுவேலை, துப்புரவு, வயதானவையைப் பார்க்கிறது. தங்கச்சி சொன்ன அந்த வேலைக்காரச் சாமியை இண்டைக்குத்தான் அறிஞ்சன்.

இங்கே எங்களுக்குச் சாந்தா ரொசாலியா. மொந்தே பெல்லெக்ரினோ மலையில் குகைக்கோயில். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கட சனம் மலையேறிப் போகும், கிறிஸ்தவர் மட்டுமில்லை, சைவக்காரரும். செப்டெம்பர் 4 திருநாளுக்கு முதல்நாள் இரவு இத்தாலியரோடு சேர்ந்து வெறுங்காலோடு ஏறுகிற ஆக்களும் இருக்கினம். எங்களுக்கு அது கதிர்காமம் போற மாதிரி.

நீங்கள் "மெதுவான பயணம்" எண்டு எழுதுறதைப் படிக்கச் சிரிப்பு வந்தது, கோபமில்லை. முப்பது வருசமா நான் மெதுவாத்தான் இருக்கிறன். மூன்று மாதத்தில் கொசுறு கிடைச்சது சந்தோசம். எனக்கு ஆறு வருசம் எடுத்தது, ஏனெண்டால் நான் அந்தக் கடைக்குப் பின்வாசலால் போற ஆள். வந்தால் சிசிலிக்கும் வாங்கோ. இங்கே கடலைமாவைப் பொரிச்சு பாணுக்குள் வைச்சுத் தருவினம், பனெல்லே எண்டு பேர். மகனுக்குப் பிடிக்கும்.

62ஆம் படி

அண்ணா, இதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. அடுத்த முறை வந்தால் கட்டாயம் வருகிறோம். மலை ஏறவும்.

திருவெறும்பூர்க்காரன்

நானும். வெறுங்காலோடு முடியுமா என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் அடுத்த ஏப்ரலில் பார்க்கிறோம். முன்பணம் முழுசாகத் திரும்பி வந்ததா? இன்னொன்று, பிரஷர் குக்கர் கொண்டுபோகலாமா?

62ஆம் படி

முன்பணத்தில் 140 யூரோ பிடித்துக்கொண்டார்கள், மே மாத கேஸ் பில் என்று. குளிருக்கு இவர் ஓவனைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்ததன் விலை அது. போனதும் மீட்டர் எண்ணைப் போட்டோ எடுத்துவையுங்கள், நாங்கள் எடுக்கவில்லை. குக்கர் தாராளமாகக் கொண்டுபோகலாம், பெட்டியில் துணிக்கு நடுவே வைத்தோம். கேஸ்கெட் மட்டும் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது மே மாதம் பிய்ந்தது, அதன்பிறகு லூக்கா முழுக்கத் தேடியும் எங்கள் அளவுக்குக் கிடைக்கவில்லை. கடைசி ஒரு மாதம் துவரம்பருப்பைச் சட்டியில்தான் வேகவைத்தோம், ஒன்றரை மணி நேரம்.

கணக்குப்பிள்ளை

யார் வேகவைத்தது?

62ஆம் படி

அவர்தான்.